ஜப்பானில் சத்தம் வராது

இரத்தினசிங்கத்தாருக்குப் பின்னால் ஆவி ஒன்று திரிகிறது என்ற கதையைத் திருகோணமலை நகரத்தில் கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, அவரேதான். பஸ் ஸ்ரான்டுக்குக் கிட்ட அவருக்கொரு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பார்க்க வருகிற சனத்திடம் "இந்த எழுத்துத் தெரியுதோ?" என்று கேட்கவேண்டிய மனுசன், "றோட்டில என்ர மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால ஏதும் சத்தம் கேட்டனீங்களோ?" என்று கேட்டால் சனம் சும்மா இருக்குமோ? கண் பார்க்கப் போனால் அந்தாள் காது பார்க்கிறார் என்று நாலு இடத்தில் சொல்லத்தானே செய்யும்.

ஆள் லேசில் பயப்படுகிறவரும் இல்லை. சல்லிக் கிராமத்தில் கடற்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். என்ன கஷ்டகாலமோ, வள்ளத்தில் கால் வைத்தால் சத்தி எடுப்பார். தகப்பன் ஏற்றி ஏற்றிப் பார்த்து அலுத்துப்போய், "இவன் தரையில எங்கயாவது பிழைச்சுப் போகட்டும்" என்று கைகழுவிவிட்டார். தரையில் பிழைக்கக் கட்டாருக்குப் போனார். கம்பனி வாகனம் ஓடினார். அங்கேதான் அந்த மோட்டார்சைக்கிள் மெஷினைக் கண்டார். ஜப்பான்காரன் செய்தது. ஆளின் நெஞ்சுக்கு வருகிற உயரம், முன்னுக்கு இரண்டு வட்டக் கண், எந்த மணலிலும் புதையாமல் ஏறிப் போகிற கால். கண்ட அன்றே மனுசன் விழுந்துபோனார்.

ஊருக்குத் திரும்பிக் கடை போட்டு, பாலையூற்றில் வீடு கட்டி, பிள்ளைகள் ஆளுக்கொரு தேசம் போனபிறகும் அந்த ஆசை போகவில்லை. இந்த நாட்டில் அந்தளவு பெரிய எஞ்சின் உள்ள மோட்டார்சைக்கிள் புதுசாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொழும்பில் ஒரு வீட்டு வாகனக் கொட்டகையில் பதிவோடு கிடந்த பழசொன்றைத் தேடிப் பிடித்து, அதிலேயே ஏறி ஊர் வந்து சேர்ந்தார். மனுசி புஸ்பராணி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம் கட்டின புதுசில என்ர கையைப் பிடிக்கக் கூச்சப்பட்ட ஆள், இதைத் தடவுற தடவலைப் பாருங்கோவன்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

கிண்ணியாவில் ஸஜ்ஜாத் என்று ஒருத்தர் இருந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், வாய்க்காரர், சிரித்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அவரிடம் இருந்தது ஜேர்மன் மெஷின். சுனாமிக்குப் பிறகு உதவி வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் போகும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் முதல்முதல் கண்டுகொண்டது கிண்ணியாப் பாலத்தில். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. இறங்கின கையோடு ஒருத்தரின் மெஷினை மற்றவர் சுற்றிப் பார்த்தார்.

"என்ன இது, ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னன்? வாக்குக்கண்ணோ?" என்றார் இரத்தினசிங்கம். கண்ணாடிக் கடைக்காரர் அல்லவோ, கண்ணில்தான் முதலில் கைவைப்பார்.

"உங்கட சைக்கிள் நல்லாத்தான் இரிக்கி" என்றார் ஸஜ்ஜாத்.

"சைக்கிளோ?"

"செயின் போட்டு ஓடினா அது சைக்கிள்தானே மச்சான்!"

அன்றைக்குத் தொடங்கின வாய்ச்சண்டை. ஜேர்மனுக்குச் செயின் இல்லை, பின் சில்லுக்கு இரும்புத் தண்டு ஒன்றால் இழுவை. எண்ணெய் போட வேண்டியதில்லை, அறுந்து போகாது, ஆனால் அதில் ஏதும் வந்தால் சாமானுக்குக் கடல் தாண்டித்தான் ஆள் அனுப்பவேண்டும். ஜப்பானுக்குச் சாமான் கொழும்பில் எங்காவது ஒரு மூலையில் அகப்படும். ஜேர்மனின் எஞ்சின் இரண்டு பக்கமும் முழங்கையை நீட்டிக்கொண்டு இருக்கும். பாரம் கீழே இருப்பதால் மெதுவாகப் போனாலும் ஆடாது. ஆனால் ஒடுக்கமான காட்டுப் பாதையில் அந்த முழங்கை மரத்தில் முட்டும். ஜப்பான் ஒல்லி, எதற்குள்ளும் நுழையும், ஆனால் சரிந்தால் தூக்கி நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். இதையெல்லாம் இரண்டு பேரும் மனதுக்குள் ஒத்துக்கொண்டவர்கள்தான். வாயால் ஒத்துக்கொண்டதேயில்லை.

ஜேர்மன் காற்றில் ஆறுகிற எஞ்சின், சூடேறினால் திணறும் என்பது இரத்தினசிங்கத்தின் கட்சி. "உன்ட கிழவி மூச்சு வாங்குதடா" என்பார். ஜேர்மனில் எப்போதும் ஒரு டக்டக் சத்தம் இருக்கும், இரண்டு சிரட்டையை மெதுவாகத் தட்டுகிற மாதிரி. "என்ர மெஷின்ல ஒரு சத்தம் வருமோ? ஜப்பானில சத்தம் வராது. தாலாட்டு" என்று நெஞ்சைத் தட்டுவார்.

இவர்கள் இரண்டு பேரும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். மாவட்டத்தில் பெரிய மெஷின் வைத்திருந்த கொஞ்சப் பேரும் இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தார்கள். வெருகல் பக்கம் ஒன்றாக ஓடிப்போய் ஒரே தேத்தண்ணிக் கடையில் இறங்கி, ஜப்பான் ஒரு மேசை, ஜேர்மன் ஒரு மேசை என்று இருந்து ரொட்டி தின்பார்கள். ஒருத்தர் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை, மாப்பிள்ளை மற்றக் கட்சி என்று கேட்டுத் தட்டிவிட்டார். சமயம் வேறென்றாலும் சமாளிக்கலாம், இதை எப்படிச் சமாளிக்கிறது என்று அவர் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இவர்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆளாள் தன் மெஷினை முற்றத்தில் ஸ்ரார்ட் பண்ணி, போனைப் பக்கத்தில் பிடித்து, அந்தச் சத்தத்தை வட்ஸ்அப்பில் மற்றவருக்கு அனுப்புவார். சுகம் விசாரிப்பதும் அதுதான், வம்புக்கு இழுப்பதும் அதுதான். சத்தம் வந்தால் ஆள் நல்லாயிருக்கிறான் என்று அர்த்தம். அதற்குக் கீழே ஒரு நக்கல் கட்டாயம் இருக்கும்.

அப்படித்தான் அந்தப் பிழை நடந்தது.

கொரோனா காலம். ஊரடங்கு. ஒருத்தரையொருத்தர் கண்டு கனகாலம். வெள்ளிக்கிழமையும் இல்லாத ஒரு நாள் ஸஜ்ஜாத்திடமிருந்து செய்தி வந்தது: "மச்சான், உன்ட சத்தத்த அனுப்பு." அவ்வளவுதான். இரத்தினசிங்கத்துக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. எதிரி தானாக வந்து கேட்கிறானே! முற்றத்தில் மெஷினை உறுமவிட்டு, புகைக்குழாய்க்குக் கிட்டப் போனைப் பிடித்தார். பிறகு வாயைப் போனுக்குக் கிட்ட வைத்து, "கேள் மச்சான், நல்லாக் கேள். இது மூச்சு வாங்காத சாமான். உன்ட கிழவி மாதிரி இழுத்து இழுத்துச் சாகிற சாதி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று பின்னேரம்தான் ஆள் சொல்லிக் கேள்விப்பட்டார். ஸஜ்ஜாத் சிகிச்சை நிலையத்தில் கிடக்கிறார், ஒட்சிசன் ஏற்றித்தான் மூச்சு விடுகிறார் என்று.

அடக் கடவுளே என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தவர் உடனே எடுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. எந்த வாயால் பேசுகிறது? நாளைக்கு, நாளைக்கு என்று போனையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஸஜ்ஜாத் கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டும் விழுந்திருந்தது. மறுமொழி வரவில்லை. கொஞ்ச நாளில் ஆள் செத்துப்போன மௌத்துச் செய்திதான் வந்தது.

அந்தக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனாவில் செத்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள் முதலில். முஸ்லிம் சனம் கத்திக் குழறி, கடைசியில் ஓட்டமாவடியில் ஒரு இடத்தில் மட்டும் அடக்கலாம் என்று வந்தது. ஸஜ்ஜாத்தையும் பெட்டியில் வைத்து, மூதூர் தாண்டி, வெருகல் தாண்டி, வாகரை தாண்டி அங்கேதான் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் எத்தனையோ தரம் ஒருத்தரையொருத்தர் முந்தி ஓடின அதே றோட்டு. இரத்தினசிங்கத்தால் பாலையூற்று வீட்டுப் படலையைத் தாண்டிப் போக முடியவில்லை. பாஸ் இல்லாமல் வெளியே இறங்க ஏலாத நாட்கள் அவை.

நாடு திறந்தது. மெஷினை எடுத்துக்கொண்டு முதல்முதலாக மூதூர்ப் பக்கம் போனார். உச்சி வெயில். கிண்ணியாப் பாலத்தில் ஏறுகிறார், பின்னால் கேட்டது.

டக். டக். டக்.

சிரட்டையைத் தட்டுகிற அதே சத்தம். வேறு எந்த மெஷினுக்கும் இல்லாத சத்தம். வேகத்தைக் குறைத்தார், அதுவும் குறைந்தது. முறுக்கினார், அதுவும் விட்டுக்கொடுக்காமல் வந்தது. பாலத்தின் நடுவில் நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கடற்காற்றும் ஒரு மீன் லொறியும்தான். ஆளுக்கு முதுகு முழுக்க வேர்த்து ஊற்றிவிட்டது.

முதலில் யாரோ ஸஜ்ஜாத்தின் மெஷினை எடுத்து ஓடுகிறான் என்றுதான் நினைத்தார். கிண்ணியாவில் அந்த ஒழுங்கைக்குள் மெல்லப் போய்ப் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொட்டிலில் ஜேர்மன் படங்கு மூடிக் கிடந்தது. சில்லு இரண்டும் காற்றுப்போய் மண்ணோடு ஒட்டியிருந்தது, இருக்கைக்கு மேலே கோழியொன்று படுத்திருந்தது. உள்ளே போய் ஸஜ்ஜாத்தின் மனைவி ஷிஃபானாவிடம் ஒரு சொல் ஆறுதல் சொல்லியிருக்கலாம். படலையைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவரை விடவில்லை. மதில் ஓரமாகப் போனால் கேட்கும். பாலம் ஏறினால் கேட்கும். வெருகலுக்குப் போகிற காட்டுக்குள் இரண்டு பக்கமும் மரம் நெருங்கினால் காதுக்குள்ளேயே வந்து நிற்கும். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிடுவேனோ என்று பக்கக் கண்ணாடி இரண்டையும் கீழே திருப்பிவிட்டார். பொலிஸ்காரன் மறித்து, "கண்ணாடிக் கடை வைச்சிருக்கிற உங்களுக்குக் கண்ணாடி எதுக்கெண்டு நான் சொல்லித்தரோணுமோ?" என்று கேட்டான்.

கோவிலில் நூல் கட்டினார். கைபிடியில் தேசிக்காய் கட்டினார். சத்தம் நிற்கவில்லை. "வாறது முஸ்லிம் ஆள், எங்கட நூலுக்கு எப்பிடிக் கட்டுப்படும்?" என்று தனக்குள் ஞாயம் பேசி, நகரத்தில் தெரிந்த ஒரு பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிப் பெற்றோல் தாங்கியில் தெளித்தார். அதற்கும் நிற்கவில்லை. லெப்பை நல்ல மனுசன். "மௌத்தானவங்க திரும்பி வாறல்ல தம்பி. நீங்க ஒருக்கா கராஜ்ல காட்டினா என்ன?" என்று கேட்டும் பார்த்தார். இவர் அதைக் காதில் விழுத்தவில்லை. கராஜ் எதற்கு? ஜப்பான் மெஷின். ஐயோ, அந்த விசர்த்தனத்தை என்னவென்று சொல்ல!

மெஷினை விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கோ என்று புஸ்பராணி சொல்லிப் பார்த்தாள். விற்கவும் மனமில்லை. பயத்தில் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு கிழமையும் எடுப்பார். வெருகல் பாலம் மட்டும் போவார். பாலத்தைத் தாண்டினால் அது ஓட்டமாவடி றோட்டு, ஸஜ்ஜாத் கிடக்கிற இடத்துக்குப் போகிற றோட்டு. அங்கே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தவன், அந்தச் சொல்லோடேயோ கண்ணை மூடினான்? அதற்கு விடை தெரியாமல் அந்தக் கபுறடியில் போய் எப்படி நிற்கிறது? விடையைச் சொல்லக்கூடியவள் கிண்ணியாவில் இருந்தாள். அவளிடம் கேட்கவும் துணிச்சல் இல்லை.

கடைசியில் அவளே வந்தாள்.

போன வருசம், நோன்புக்குக் கிட்ட ஒரு மத்தியானம். கடையில் ஆளில்லை. ஷிஃபானா மகள் ஸல்ஹாவையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். "குர்ஆன் ஓதக்குள்ள எழுத்துக் கலங்குது அண்ணன். கண்ணாடி போடணும்" என்றாள். இரத்தினசிங்கம் வில்லையை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடிக்கிறார், வில்லை ஆடுகிறது.

"அது ஆடினா நான் எப்படிப் பார்க்கிற?" என்று சிரித்தாள். பிறகு, "எங்கட வீட்டுப் பக்கமே வாறல்ல. எங்களோட என்ன கோவம்?" என்று கேட்டாள்.

"கோவமோ? எனக்கோ?" மனுசன் வில்லையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உடைந்துபோனார். "தங்கச்சி, நான் கடைசியா என்ன சொல்லி அனுப்பினனான் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாமலா? ஆஸ்பத்திரி வாடு முழுக்கத் தெரியும்." ஷிஃபானா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நானும் புள்ளையும் வீட்டில தனிமைப்படுத்தல்ல. அவர் அங்க இருந்து போன் எடுத்து, உங்கட மெசேஜப் போட்டுக் காட்டிச் சிரிச்சார். இருமி இருமிச் சிரிச்சார், நேர்ஸ் வந்து ஏசினதும் எனக்குக் கேட்டிச்சி. 'ஷிஃபானா, எல்லாரும் என்னோட அழுதுதான் கதைக்காங்க. இவன் ஒருத்தன்தான் வழமை போல ஏசுறான். இதக் கேட்டாத்தான் நான் பொழைச்சி வருவன் எண்டு நம்பிக்கை வருது' எண்டு சொன்னார்."

இரத்தினசிங்கத்தாரின் கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஸல்ஹா பார்க்கக் கூச்சப்பட்டுக் கண்ணாடி அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"இன்னொண்டும் சொன்னார்" என்றாள் ஷிஃபானா. "அந்தச் சத்தத்தத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிரிக்கார். 'அவன்ட மெஷினுக்குள்ள ஒரு டக்டக் தொடங்கிட்டு. உள்ளுக்குள்ள ஓடுற செயின் தளர்ந்திட்டு. இப்படியே விட்டா ஒருநாளைக்கு வெருகல் காட்டுக்குள்ள நிப்பான்' எண்டார். அப்ப நான் அண்ணனுக்குச் சொல்லட்டா எண்டு கேட்டன். வேணாம் எண்டார். 'போன்ல சொன்னா பொறாமை எண்டுவான். நான் எழும்பி வந்து நேரில சொல்லணும். சொல்லக்குள்ள அவன்ட மூஞ்சப் பார்க்கணும்' எண்டார். பொறகு அவர் மௌத்து, நான் வெளிய வராம இத்தாவில இருந்தன். நீங்களும் வரல்ல. எனக்கும் அது மறந்தே போயிட்டு."

இந்த இடத்தில் ஒரு மனுசன் என்ன செய்யவேண்டும்? கையெடுத்துக் கும்பிட வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும். இரத்தினசிங்கம் என்ன செய்தார் தெரியுமோ? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். "என்ர மெஷின்ல சத்தமோ? இல்லைத் தங்கச்சி. ஜப்பானில சத்தம் வராது" என்றார்.

ஷிஃபானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இப்படித்தான் நீங்க சொல்லுவீங்களாம் எண்டும் சொன்னார்" என்றாள்.

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், வந்ததும் வராததுமாகக் குசினி வாசலில் போய் நின்றார்.

"புஸ்பம், என்ர மெஷின்ல ஏதும் சத்தம் கேட்கிறதோ?"

"ஓம். டக்டக்கெண்டு கேட்கும். சந்தியால திரும்பேக்கயே கேட்கும். அதைக் கேட்டுத்தானே நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறனான்."

"எப்ப தொடக்கம்?"

"கொரோனா நேரமே கேட்டது. ஏன் கேட்கிறியள்?"

"சொல்லியிருக்கலாமே!"

"நல்ல கதை! ஜேர்மன்காரன்ர மெஷின் மாதிரிச் சத்தம் போடுதெண்டு நான் சொல்லி, நீங்கள் ஒரு கிழமை என்னோட கதைக்காமல் இருக்கவோ?"

முற்றத்துக்குப் போனார். மெஷினை ஸ்ரார்ட் பண்ணி, நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, கைபிடியைக் காதில் வைத்தார். டக். டக். டக். இத்தனை வருசம் பின்னால் கேட்ட சத்தம், தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருந்து வந்த சத்தம். மதிலிலும் பாலத்திலும் காட்டிலும் பட்டுத் திரும்பி வந்ததை ஆவி என்று நம்பியிருக்கிறார். தன் மெஷினில் பழுது என்று நம்புவதைவிடச் செத்த சிநேகிதன் துரத்துகிறான் என்று நம்புவது அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது.

பயம் போய்விட்டது. போன கையோடு நெஞ்சு காலியாகிவிட்டது. ஸஜ்ஜாத் வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. கோபத்தோடாவது பின்னால் வருகிறான் என்று இருந்த மனுசனுக்கு, பின்னால் ஒருவருமே இல்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எஞ்சினை நிறுத்தாமலே மண்ணில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். புஸ்பராணி வந்து பக்கத்தில் நின்றாள்.

அழுது முடித்து எழும்பினதும் அவள் சொன்னாள், "விடிய முதல் வேலையாக் கராஜுக்குக் கொண்டு போங்கோ."

"ஓம். ஆனா முதல்ல ஒராளுக்குக் காட்டோணும். அதுக்குப் பிறகுதான் கராஜ்."

அடுத்த நாள் காலையில் பக்கக் கண்ணாடி இரண்டையும் நிமிர்த்தினார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். கிண்ணியாப் பாலத்தில் சத்தம் வந்தது. வரட்டும் என்று விட்டார். மூதூரைத் தாண்டச் சத்தம் பெருத்தது. வெருகல் பாலத்தில் வழமையாகத் திரும்புகிற இடத்தில் கை தானாக மெதுவாக்கப் பார்த்தது. "இண்டைக்கு இல்லை" என்று தனக்கே சொல்லிக்கொண்டு தாண்டினார்.

தாண்டிக் கொஞ்சத் தூரம். காடு நெருங்கினது. டக்டக் கடகடவென்று மாறினது. பிறகு இரும்பை இரும்பு அரைக்கிற ஒரு சத்தம். பின் சில்லு இறுகிப்பிடித்து, மெஷின் ஒருதரம் குலுங்கி, அப்படியே நின்றது. ஸ்ரார்ட் பண்ணிப் பார்த்தார், உள்ளே ஒன்றும் அசையவில்லை. றோட்டோரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்.

அப்போதுதான் அந்த அமைதி வந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஸஜ்ஜாத் சொன்ன அதே வெருகல் காடு. மனுசனுக்குச் சிரிப்பு வந்தது. "வென்றிட்டாயடா, வென்றிட்டாய்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கினது என்று அவருக்கே தெரியாது.

கனநேரம் போய் ஒரு பட்டா லொறி வந்தது. மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறுமனே போகிற லொறி. சாரதி இறங்கி வந்து மெஷினைப் பார்த்தான், வெயிலில் நின்ற மனுசனைப் பார்த்தான்.

"எஞ்சின் பிடிச்சிட்டுது போல, ஐயா. திருகோணமலைக்குத்தான் கொண்டு போகோணும். கொஞ்சத்தில எதிர்ப்பக்கமா ஒரு கன்டர் லொறி வரும், அது அந்தப் பக்கம்தான் போகும். மறிச்சுத் தரட்டோ? நான் ஓட்டமாவடிப் பக்கம் போறன்."

பெரிய மெஷின் ஓடுகிறவர்களிடையே லொறியில் ஏற்றிக்கொண்டு போவதைப் போல ஒரு மானக்கேடு கிடையாது. எலும்பு முறிந்தாலும் தன் மெஷினை லொறியில் ஏற்றுவதை மற்றக் கட்சிக்காரன் பார்க்கக்கூடாது என்று இருப்பார்கள். ஒருத்தர் பழுதான மெஷினை இருட்டும்வரை பற்றைக்குள் மறைத்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்றினதும் உண்டு. இரத்தினசிங்கம் வந்த பக்கம் ஒருதரம் பார்த்தார், போகிற பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"ஓட்டமாவடிக்கே ஏத்து தம்பி" என்றார். "கொரோனாவில செத்த ஆக்களை அடக்கின அந்த மையவாடி தெரியுமோ? அதுக்குக் கிட்ட ஒருக்கா நிப்பாட்டோணும்."

சாரதி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து, அவ்வழியால் வந்த இன்னும் இரண்டு பேரையும் பிடித்து, ஜப்பான் மெஷினை முக்கி முக்கித் தூக்கி லொறியில் நிமிர்த்திக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சாரதி முன் கதவைத் திறந்துவிட்டான்.

"முன்னுக்கு வந்து இருங்கோ ஐயா. சரியான வெயில்."

இரத்தினசிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். லொறியின் பின்பக்கம் ஏறி, மெஷினைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இல்லைத் தம்பி, நான் இதிலயே நிக்கிறன்" என்றார். "அங்க ஒருத்தன் என்ர மூஞ்சையைப் பார்க்கோணுமாம்."